மங்கலாக இருக்கட்டும், விட்டுவிட்டு வரக்கூடாது

சப்போர்ட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் கேட்கும் முதல் கேள்வி, "மேடம், சின்ன லேப்டாப்புக்கு எந்த ஓஎஸ் நல்லது?" என்பதுதான். நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன். யாருடைய லேப்டாப்? உடனே அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! ரேம் எவ்வளவு, பிராசஸர் என்ன என்று கேட்டிருந்தால் மதித்திருப்பார்கள். ஆள் யார் என்று விசாரிக்கிறாளே, ரிட்டயர் ஆனதும் எல்லாம் மறந்துவிட்டது போல என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும். எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

ஷார்ஜா தொழில்பேட்டையில் இரும்பு ஃபேப்ரிகேஷன் செய்யும் ஒரு கம்பெனியில் ஐடி சப்போர்ட்டில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். சொந்த ஊர் கோயமுத்தூர். வேலையில் நான் செய்த இன்ஸ்டால்களை எல்லாம் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அதற்கு வீடியோக்கள் இருக்கின்றன. ஒரே ஒரு வியாழக்கிழமையைச் சொல்கிறேன். ஓஎஸ் தேர்ந்தெடுப்பது என்றால் என்ன என்று எனக்கே சரியாகப் புரிந்தது அன்றைக்குத்தான்.

காலையில் நான் கதவைத் திறக்கும் முன்பே செல்வராசு வாசலில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். பேச்சு குறைவு, வேலை சுத்தம். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் துண்டில் சுற்றிய ஒரு சின்ன லேப்டாப். தொழிலாளர் கேம்ப் ரூமில் கட்டில் பக்கத்துப் பலகையில் வைப்பதற்கென்றே வாங்குவார்களே, அந்த அளவு. நினைவகமும் சிறிது, சேமிக்கும் இடமும் சிறிது.

"மேடம், இது கம்பெனி சாமான் இல்ல. தெரியும். ஆனா வேற போக்கெடம் இல்ல" என்றார்.

"என்ன ஆச்சுங்க?"

"கால் பேசுற ஆப்பு, பழைய ஓஎஸ்ல இனிமே ஓடாதுன்னு சொல்லிருச்சு. கேம்ப்புக்குப் பக்கத்துக் கடையில குடுத்தேன். புதுசு போட்டுத் தந்தான். அவனே ஒரு கால் போட்டு, ஹலோ ஹலோ கேக்குதான்னு கேட்டான், கேக்குது, கலாஸ், முடிஞ்சுதுன்னு குடுத்துட்டான். வீட்டுக்குப் போட்டா படம் நின்னு நின்னு வருது மேடம்."

"குரல் கேக்குதில்லீங்களா? வீட்டுல பேசறதுக்கு அது போதாதா? இல்லைன்னா போன்ல பேசுங்க" என்றேன். அன்று காலை எனக்கு வேறு வேலைகள் குவிந்து கிடந்தன.

செல்வராசு பையைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே தூக்கி, விரல்களை மடக்கி, விரித்து, ஏதோ காட்டினார். பிறகு சொன்னார். "நானும் எம்மகளும் இப்பிடித்தான் மேடம் பேசுவோம். பவித்ராவுக்குக் காது கேக்காது. பொறந்ததுல இருந்தே."

நான் நாற்காலியை இழுத்து அவரை உட்காரச் சொன்னேன். பிறகு அவர் சொன்னதையெல்லாம் கேட்டேன்.

பவித்ராவுக்குப் பத்தொன்பது வயது. காது கேளாதோர் பள்ளியில் படித்தவள். வீட்டில் அவள் கைப்பேச்சு முழுதாகப் புரிவது இவருக்கு மட்டும்தான். ஒவ்வொரு லீவிலும் அவளோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டு, மீதியை இந்தத் திரை வழியாகவே கற்றவர். அவள் அம்மாவுக்கு ஓரளவு புரியும். ஆனால் தன் அண்ணன் பேச்சுக்கு எதிர்ப் பேச்சு பேசிப் பழகாதவர். அந்த அண்ணன், அதாவது பவித்ராவின் தாய்மாமன், ஒரு வரன் கொண்டுவந்திருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் வெற்றிலை பாக்கு மாற்றுவதாக ஏற்பாடு. செல்வராசு சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

"பவித்ரா என்ன சொல்றா?" என்றேன்.

"அதான் மேடம் எனக்குத் தெரியல. போன தடவ கால்ல அவ சிரிச்ச மூஞ்சி அப்பிடியே நின்னு போச்சு. மச்சான் குரல் மட்டும் கேக்குது. பாத்தீங்களா மாப்ள, சரின்னு சிரிக்கிறாங்கிறாரு. அவ கை என்ன சொல்லுச்சுன்னு நான் பாக்கல."

மெசேஜ் அனுப்பச் சொல்லலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. வீட்டில் இருக்கும் நல்ல போன் மாமனுடையது. அதில் அவள் எழுதினால் மாமன் படிப்பார். கையால் பேசினால்தான் அவருக்குப் புரியாது. சரி, செல்வராசு தன் போனில் வீடியோ கால் போடலாமே? போட்டுப் பார்த்திருக்கிறார். போனைத் தள்ளி வைத்தால் அவள் விரல்கள் இவருக்குத் தெரியவில்லை. வருஷக்கணக்காக வெல்டிங் பார்த்த கண். கிட்டே வைத்தால் இவர் கைகள் அவளுக்குத் தெரியவில்லை. என் மேசையில் இருந்ததோ கம்பெனி கணினி. வெளி ஆப் எதையும் ஏற்ற முடியாதபடி தலைமை அலுவலகம் பூட்டி வைத்திருந்தது.

"எப்ப பேசணும்?"

"இன்னிக்கு டூட்டி முடிஞ்சதும். ராத்திரி மாப்பிள்ள வீட்டுக்கு மச்சான் பதில் சொல்லணுமாம்."

"டூட்டி முடிஞ்சதும் நேரா இங்க வாங்க" என்றேன். "கேம்ப்புக்குப் போக வேண்டாம்."

அவர் போனதும் மேலாளர் எட்டிப் பார்த்தார். மேசையில் இருந்த லேப்டாப்பைப் பார்த்துத் தலையை ஆட்டி, "பர்சனல் மாஃபி" என்றார். தனிப்பட்ட சாமான்களைத் தொடக்கூடாது என்பது எங்கள் விதி. விதி சரிதான். ஒருவருக்குச் செய்தால் கேம்ப் முழுக்க வந்து நிற்கும். என் சாப்பாட்டு நேரத்தில் பார்க்கிறேன், கம்பெனி நேரத்தைத் தொடமாட்டேன் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போனார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வதில் எனக்குக் கஷ்டம் இருக்கவில்லை.

என்னோடு வேலை செய்தவர் ரமணன், யாழ்ப்பாணத்துக்காரர். கைதேர்ந்த ஆள். லினக்ஸ் ஓஎஸ் என்றால் உயிர். லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"அக்கா, இந்தச் சின்னச் சாமானுக்குப் புது ஓஎஸ் பாரம். லினக்ஸைப் போட்டு விடுவம். பறக்கும் பாருங்கோ."

பென் டிரைவில் இருந்தே லினக்ஸை ஓடவிட்டுக் காட்டினார். கேமராவைத் திறந்தார். என்னவென்று சொல்ல! தண்ணீர் மாதிரி ஓடியது படம். அப்பாடா, முடிந்தது கதை என்று நினைத்தேன். பிறகுதான் அந்தக் கால் ஆப்பைத் தேடினோம். லினக்ஸுக்கு அது இல்லை. பிரௌசரிலும் ஓடவில்லை. நம் ஊரில் என்றால் வேறு ஆப்பை எடுத்துப் போட்டுவிட்டுப் போய்விடலாம். இங்கே அமீரகத்தில் எல்லா ஆப்பிலும் கால் பேச முடியாது என்பது வந்த மறுநாளே உங்களுக்குத் தெரிந்திருக்கும். அனுமதி உள்ளவை சிலதான். செல்வராசு மாதச் சந்தா போட்டிருந்தது அதில் ஒன்று.

ரமணன் குரலைத் தாழ்த்தினார். "அதுக்கும் வழி இருக்கு அக்கா. ஒரு விபிஎன் போட்டால் தடையைத் தாண்டி எந்த ஆப்பிலயும் கதைக்கலாம். எத்தினை பேர் செய்யினம்."

"பிடிபட்டா யார் மாட்டுவாங்க? நீங்களா, நானா?"

அவர் பென் டிரைவைக் கழற்றினார்.

"அவரோட விசா அது, ரமணன். மகளோட ஒரு தடவை பேசறதுக்கு அவரோட பொழப்பைப் பணயம் வெக்கறதுக்கு நமக்கு யாரு உரிமை குடுத்தா? வேண்டாம்."

இதைக் கொஞ்சம் கவனியுங்கள் பிள்ளைகளே. நமக்குத் தெரிந்த குறுக்கு வழிகள் நிறைய. அவசரத்தில் நிற்கும் ஆளிடம் அதைச் சொன்னால் உடனே தலையாட்டுவார், நமக்கு நன்றியும் சொல்வார். அபாயம் அவருடையது, சாமர்த்தியம் மட்டும் நம்முடையது. அப்படிப்பட்ட வேலை எனக்குப் பிடிக்காது. ரமணனும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பழைய ஓஎஸ்ஸுக்குத் திரும்பலாம் என்றால் ஆப் ஏற்காது. லினக்ஸ் என்றால் ஆப்பே இல்லை. ஆக, பாரமோ என்னமோ, புது ஓஎஸ்தான். பாரத்தைக் குறைக்க முடியுமா என்பதுதான் மிச்சக் கேள்வி. உள்ளே போய்ப் பார்த்தேன். கடைக்காரர் பழையதைத் துடைக்காமல் அதன் மேலேயே புதியதை ஏற்றியிருந்தார். பழையதன் மிச்சம் ஒரு மூலையில் கிடந்தது. மீதி இடம் முழுக்க சினிமா! கேம்ப் ரூமில் ஒருவன் லேப்டாப் வாங்கினால் அது ரூமுக்கே சொந்தம் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தமிழ், மலையாளம், பெங்காலி, போஜ்புரி என்று அந்தச் சின்னப் பெட்டி மூச்சு முட்டிக் கிடந்தது. கேமரா ஓடுவதற்கு எங்கே இடம்?

மொத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்று முடிவு செய்தேன். செய்வதற்கு முன் செல்வராசுவுக்குப் போன் அடித்தேன். ஒர்க்‌ஷாப் இரைச்சலுக்கு நடுவே கத்தினேன்.

"எல்லாம் அழியும். காப்பாத்த வேண்டியது ஏதாவது இருக்குங்களா?"

"பவி போட்டோ மட்டும் எடுத்து வைங்க மேடம்."

"சினிமா எல்லாம்?"

"ரூம்ல என்னைய உதைப்பாய்ங்க" என்றார். பிறகு, "அழிச்சிருங்க" என்றார்.

போட்டோக்களை எடுத்து வைத்தேன். அவை சரியாகத் திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிறகு துடைத்தேன். புது ஓஎஸ்ஸில் சின்னதாக, தேவையில்லாத சுமை எதையும் ஏற்றாமல் போட்டேன். லேப்டாப் செய்த கம்பெனி கொடுத்த கேமரா, திரை டிரைவர்களைத் தேடிப் போட்டேன். அந்த ஆப்பைத் தவிர வேறு எதையும் வைக்கவில்லை. சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது. மேலாளர் ஒருமுறை கடந்து போனார், நின்று பார்த்தார், போய்விட்டார்.

இதற்கெல்லாம் பிறகும் படம் நின்று நின்றுதான் வந்தது. முன்பைவிடப் பரவாயில்லை. ஆனாலும் நின்றது. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெட்டியை ஜன்னல் வழியாக விட்டெறிந்திருப்பேன்.

ரமணன் உற்றுப் பார்த்துவிட்டு, "படம் என்ன தெளிவு பாருங்கோ அக்கா, முடி கூடத் தெரியுது" என்றார். அவர் ஆறுதலுக்குச் சொன்னதுதான். எனக்கு அதில் சட்டென்று ஒன்று பிடிபட்டது. முடி தெரிந்து என்ன பிரயோஜனம்? இந்தச் சின்னப் பெட்டி தன் சக்தியை எல்லாம் முடியைக் காட்டுவதில் செலவழித்துக்கொண்டிருந்தது. அசைவைக் காட்ட அதனிடம் தெம்பு இல்லை. ஆப்பின் அமைப்புக்குள் போய் அனுப்பும் படத்தையும் வாங்கும் படத்தையும் கீழ்த் தெளிவுக்கு இறக்கினேன். இன்னொரு படி இறக்கினேன்.

"அக்கா, மங்கலாக் கிடக்கு. பார்க்கவே ஏலாது. வாடிக்கையாளரிட்ட இப்பிடிக் குடுத்தால் சிரிப்பினம்."

"மங்கலா இருக்கட்டும். விட்டுவிட்டு வரக்கூடாது."

பிறகு சோதனை. லேப்டாப்பின் சத்தத்தை முழுதாக அணைத்தேன். ரமணனை அவர் போனோடு ஸ்டோர் ரூமுக்கு அனுப்பி, மாமன் வைத்திருக்கும் தூரத்தில் போனைச் சாத்தி வைத்து, விரல்களைக் காட்டச் சொன்னேன். அவர் எத்தனை விரல் காட்டுகிறார் என்று நான் ஒரு தாளில் குறிக்க வேண்டும். அவரும் தன் பங்குக்குக் குறித்துக்கொள்வார். முதலில் மெதுவாகக் காட்டினார். போனில் கூப்பிட்டுத் திட்டினேன். "அந்தப் பொண்ணு இவ்வளவு மெதுவாப் பேசுமா? வேகமாக் காட்டுங்க!" வேகமாகக் காட்டினார். தவறவிட்டேன். பின்னால் தானாக ஓடிக்கொண்டிருந்த இன்னும் இரண்டு வேலைகளை நிறுத்தினேன். மறுபடி காட்டினார். இரண்டு தாளும் பொருந்தும் வரை அந்த மனிதரை நான் விடவில்லை. திரும்பி வந்தபோது விரல்களை நீவிக்கொண்டே வந்தார்.

செல்வராசு டூட்டி முடித்துக் கை கால் கழுவிக்கொண்டு வந்தார். சட்டையை மாற்றியிருந்தார். தலை வாரியிருந்தார். அவரை லேப்டாப்பின் முன் உட்கார வைத்து, கைகள் இரண்டும் படத்துக்குள் விழும்படி திரையைச் சாய்த்தேன். அப்போது பார்த்துத் திரையின் மூலையில் ஒரு அறிவிப்பு எழும்பியது. முக்கியமான அப்டேட் தயார், இப்போதே மறுதொடக்கம் செய்யவா என்று கேட்டது. செல்வராசு நல்ல பிள்ளையாகச் சரி என்பதை அமுக்க விரலைக் கொண்டுபோனார். அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். அமுக்கியிருந்தால் அந்தப் பெட்டி எழுந்து வருவதற்குள் ஊரில் பேச்சு முடிந்திருக்கும்.

"அப்டேட் வேணாமா மேடம்?"

"வேணும். கண்டிப்பா வேணும். ஆனா எப்போன்னு நாமதான் சொல்லணும்." அதை மறுநாள் மதியத்துக்குத் தள்ளி வைத்தேன்.

கம்பெனிக்கு வரும் விருந்தினருக்கான வைஃபையில் இணைத்துக் கால் போட்டோம். நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். "போகாதீங்க மேடம், நின்னு போச்சுன்னா நான் என்ன செய்யுவேன்?" என்றார். நின்றேன்.

மாமன் எடுத்தார். முகம் முழுக்கத் திரையில். "வாங்க மாப்ள! எல்லாம் ரெடி. உங்க வாய்ல இருந்து ஒரு வார்த்த வரட்டும்."

"பவிய காட்டுங்க மச்சான்."

போன் கை மாறாமல் திரும்பியது. பவித்ரா நின்றிருந்தாள். மங்கலான படம்தான். சேலையில் என்ன பூ என்று தெரியவில்லை. ஆனால் அவள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டது, நிற்காமல், விட்டுப் போகாமல், இழுத்த மாதிரியே வந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாருங்க மாப்ள, காலையில இருந்தே இந்தச் சிரிப்புத்தான். அவளுக்குச் சம்மதம். வேணும்னா இப்பக் கேளுங்க..."

"மேடம், சத்தத்தை அமுத்துங்க" என்றார் செல்வராசு. கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. "அவரு பேசுறது எனக்கு எடஞ்சலா இருக்கு."

அணைத்தேன். அறை அமைதியானது.

செல்வராசு கைகளைத் தூக்கி ஏதோ கேட்டார். அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது, கொஞ்சமும் மாறவில்லை. கைகள் மட்டும் இடுப்பளவில் அசைந்தன. சின்ன அசைவுகள். விரல்கள் மடங்கின, விரிந்தன, ஒரு கை மற்றதை வெட்டியது, மறுபடி வெட்டியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் வேலையெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். நிற்காதே, நின்று தொலைக்காதே என்று அந்தப் பெட்டியை மனதுக்குள் மிரட்டிக்கொண்டிருந்தேன். செல்வராசு மறுபடி கேட்டார். அவள் மறுபடி சொன்னாள், இன்னும் வேகமாக. அவர் தோள்கள் மெல்லக் கீழே இறங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

"சிரிப்பு அவ மாமனுக்கு மேடம்" என்றார் மெதுவாக. "வேணாங்கிறா. பொண்ணு பாக்க அந்த ஆளு வீட்டுக்கு வந்தப்ப இவ முன்னாலயே இவளப் பத்திச் சிரிச்சானாம். கேக்காதுன்னு நெனச்சுப் பேசியிருக்கான். இவ ஒதட்டப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டா. போன தடவையும் இதத்தான் சொன்னாளாம். நான் ஏன் பதிலே சொல்லலன்னு கேக்குறா."

போன தடவை அவள் சொல்லியிருக்கிறாள். இங்கே அவள் சிரித்த முகம் உறைந்து நின்றிருக்கிறது. அப்பா கேட்டுவிட்டு ஒன்றுமே சொல்லாமல் போய்விட்டார் என்று அந்தப் பெண் நாலைந்து நாள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எல்லாம் ஓகே என்று கொடுத்த லேப்டாப் அது. கடைக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? நானும் காலையில் குரல் கேட்டால் போதாதா என்று கேட்டவள்தானே. நாம் சோதிப்பது நமக்குத் தேவையானதை. அவர்களுக்கு என்ன தேவை என்று அவர்களைக் கேட்காமல் நமக்குத் தெரியப் போவதில்லை.

செல்வராசு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சத்தத்தைத் திறந்தேன்.

"...என்ன மாப்ள, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மச்சான். நாளைக்கு வெத்தல பாக்கு வேணாம். அவங்களுக்குச் சொல்லிருங்க."

"என்ன வெளையாடுறீங்களா? புள்ள சரின்னு சொல்லிருச்சே!"

"சொல்லல. வேணாம்னு சொல்லுது. ரெண்டு தடவ சொல்லிருச்சு."

"மாப்ள, பேச முடியாத புள்ளைக்கு இன்னொரு எடம் யாரு கொண்டு வருவா? யோசிச்சுப் பேசுங்க."

செல்வராசு அவ்வளவு உரக்கப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. "அவ பேசுறா மச்சான். பதினாறு வருசமா எங்கிட்ட பேசுறா. உங்களுக்குத்தான் கேக்கல."

வாயால் அவருக்குச் சொல்லிக்கொண்டே, கைகளால் மகளுக்கும் சொன்னார். இரண்டும் ஒரே நேரத்தில். மாமன் ஏதோ கத்தினார். போன் ஆடியது. யாரோ அதை வாங்கியது தெரிந்தது. வளையல் கை, பவித்ராவின் அம்மாவாக இருக்க வேண்டும். அந்தக் கை போனை நேராகப் பிடித்து மகளுக்கு எதிரே வைத்தது.

அப்போதுதான் அந்தப் பெண் சிரிப்பதை நிறுத்தினாள். இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். செல்வராசு ஒன்றும் செய்யாமல் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஏதாவது சொல்லுங்களேன் என்றேன்.

"கைய எடுக்கட்டும் மேடம்" என்றார். "மூஞ்சியப் பொத்திருந்தா அவளால பேசவும் முடியாது, நான் பேசுறதப் பாக்கவும் முடியாது. எடுக்கட்டும். நான் இருக்கேன்."